வெண்கோல் கொடுத்தால் மட்டும் போதுமா?

மின்சார கார், பேருந்து, லாரி ஆகியவை மெதுவாகச் செல்லும்போது நடந்து போகிறவர்களின் காதில் விழும்படி எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்ற வரைவு விதியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் வெளியிட்டது. புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர் 1 முதல், ஏற்கெனவே தயாராகிவரும் மாடல்களுக்கு 2027 அக்டோபர் 1 முதல் என்று அந்த வரைவு காலக்கெடுவும் குறித்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால், மின்சார ஸ்கூட்டருக்கு அந்த வரைவில் இடமில்லை. தெருவிலும் சந்தையிலும் பேருந்து நிலைய வாசலிலும் பார்வையற்றவர்களின் மேல் வந்து உரசுவது பெரும்பாலும் ஸ்கூட்டர்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர் நிறுவனங்களின் ஆலைகள், சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி, போச்சம்பள்ளியில் ஓலா. நாட்டில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு இந்த ஒரே மாவட்டத்தின் ஆலைகளிலிருந்துதான் வெளியே போகிறது. போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில், ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கிறது சாமல்பட்டி. அங்கும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வாழும் பார்வையற்றவர்கள் அந்த வண்டிகளுக்கு நடுவே எப்படி நடப்பது என்று சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா என்று கேட்டால், பதில் வருத்தம் தருகிறது.

பார்வையற்றவர்களுக்குத் தனியாக நடமாடக் கற்றுத்தருவது என் வேலை. ‘மொபிலிட்டி டிரெய்னர்’ என்று சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. ‘கண் தெரியாதவங்களுக்கு நடக்கச் சொல்லித்தர வாத்தியார்’ என்று ஊரில் சொல்வார்கள். அதுவே சரியான விளக்கம்தான்.

என்ன கற்றுத்தருகிறோம்?

வெண்கோலைக் கையில் கொடுத்துவிட்டால் நடந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். அந்த எண்ணத்தால்தான் எல்லாச் சிக்கலும் வருகிறது. கோலைப் பிடிப்பதற்கு முறை இருக்கிறது. தரையிலிருந்து அவரவர் நெஞ்செலும்பு வரை எட்டும் நீளம் வேண்டும். கை வயிற்றுக்கு நேராக, உடலின் நடுவில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தரையைத் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த அடி எங்கே விழப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடுகிறது. தாளம் ஓர் எட்டு தவறினால், தொட்டுப் பார்க்காத இடத்தில் கால் விழும். அங்கே மூடியில்லாத சாக்கடை இருந்தால் அவ்வளவுதான்.

இந்தத் தாளம் உடம்பில் ஏறுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். வீட்டுத் தாழ்வாரத்தில் தொடங்கி, தெரு, பிறகு கடைத்தெரு, பிறகு பேருந்து நிறுத்தம் என்று மெல்ல மெல்லத்தான் போக முடியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் சொல்லித்தர முடியும். வகுப்பறையில் நாற்பது பேரை உட்காரவைத்து நடத்தும் பாடம் அல்ல இது.

கோலுக்கு முன்பே கற்றுத்தர வேண்டியவை இன்னும் பல. தான் எங்கே நிற்கிறோம், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று மனதுக்குள் வரைபடம் போட வேண்டும். காலை வெயில் இடக் கன்னத்தில் விழுந்தால் முகம் தெற்கே இருக்கிறது. சுவரை ஒட்டி நடக்கும்போது திடீரென்று காற்று முகத்தில் பட்டால் சந்து வந்துவிட்டது. எண்ணெய்ச் சட்டியின் வாசனை, இரும்புப் பட்டறையின் ஓசை, சிமென்ட் தரை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் கோல் எழுப்பும் மாறுபட்ட சத்தம் எல்லாம் வழிகாட்டிகள். ஆனால், எது நிலையான அடையாளம், எது இன்று இருந்து நாளை போய்விடும் குறிப்பு என்று பிரித்துச் சொல்லித்தருவது முக்கியம். இந்த மாவட்டத்தில் மாம்பழக்கூழ் ஆலை இருக்கும் சாலையை மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால், மாம்பழப் பருவம் முடிந்ததும் அந்த அடையாளமும் போய்விடும். பருவத்தோடு போகும் ஒன்றை நம்பி ஒருவர் தினமும் வேலைக்குப் போக முடியாது. மணம் நின்ற பிறகும் அதே திருப்பத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கல்வெர்ட்டோ மேடோ தெரிந்திருக்க வேண்டும்.

சாலை கடப்பது தனிப் பாடம். கோலைச் செங்குத்தாக நிறுத்திச் சாலையோரத்தில் நின்று, முதலில் கேட்கச் சொல்வோம். எந்தப் பக்கமிருந்து வருகிறது, பேருந்தா, லாரியா, பைக்கா, நெருங்குகிறதா, விலகுகிறதா, வேகம் குறைகிறதா? இன்ஜின் சத்தம்தான் பாடப் புத்தகம். கிரானைட் கல் ஏற்றி வரும் லாரியை வெகு தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள். அது கடந்து போகும்வரை காத்திருக்கச் சொல்வோம். ஏனென்றால், அதன் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்து வரும் பைக் காதில் விழாது.

இங்கேதான் மின்சார ஸ்கூட்டர் பாடத்தையே மாற்றிவிட்டது. ‘சத்தம் இல்லை, அதனால் வண்டி இல்லை’ என்று கற்றுக்கொடுத்தோம். இன்று அப்படிச் சொல்லித்தந்தால் அது கொலைக்குச் சமம். மெதுவாக ஊர்ந்து வரும் மின்சார ஸ்கூட்டரின் டயர் சத்தம் மண் சாலையில் கொஞ்சம் கேட்கும். தார்ச் சாலையில், கடைத்தெரு இரைச்சலில் அறவே கேட்காது. பயிற்சி பெறுபவருக்குப் பின்னால் நடந்து போகும்போது என் கண் முன்னால் ஒரு ஸ்கூட்டர் அவருடைய கோலின் நுனிமீது ஏறி, அதை வளைத்துவிட்டுப் போனது. ஓட்டியவர் நல்லவர், நிறுத்தி மன்னிப்புக் கேட்டார். “கோலைப் பார்த்தேங்க, அவரு நின்னுக்குவாருன்னு நெனச்சேன்” என்றார். வண்டி வருவதே தெரியாதவர் எப்படி நிற்பார்?

உலகம் இதை எப்போதோ யோசித்துவிட்டது

அமெரிக்காவில் பார்வையற்றோர் அமைப்புகள் போராடியதன் பலனாக, ஓசையில்லா வாகனங்களுக்கான பாதசாரிப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் நிறைவேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய ரக மின்சார கார்களுக்கும், 2021 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய மின்சார கார்களுக்கும் எச்சரிக்கை ஒலி கட்டாயமானது. மணிக்கு 20 கி.மீ. வேகம் வரை அந்த ஒலி கேட்க வேண்டும். அதற்கு மேல் டயர் சத்தமே எச்சரித்துவிடும் என்பது கணக்கு. காது கிழியும் ஹாரன் தேவையில்லை. வண்டி வருகிறது, வேகம் கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் மெல்லிய ஒலி போதும்.

அங்கெல்லாம் கார்தான் சாலையை நிறைத்திருக்கிறது, அதனால் காருக்கு விதி எழுதினார்கள். நம் சாலையை நிறைத்திருப்பது இருசக்கர வாகனம். அவர்கள் விதியை அப்படியே எடுத்து எழுதினால் நம் ஊர்ப் பார்வையற்றவருக்குப் பாதிப் பாதுகாப்புக்கூடக் கிடைக்காது.

வெண்கோலின் கதையும் விபத்திலிருந்தும் போரிலிருந்தும் பிறந்ததுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக் கலைஞர், பார்வை போன பிறகு, வாகன ஓட்டிகளின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக 1921-ல் தன் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். ஆனால், அது அடையாளமாகத்தான் இருந்தது. அதை வழி அறியும் கருவியாக மாற்றியவர் ரிச்சர்ட் ஹூவர். பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியராக இருந்த இவர், இரண்டாம் உலகப் போரில் கண் இழந்து வந்த வீரர்களுக்காகப் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் நீளமான, எடை குறைந்த கோலையும் அதை வீசி நடக்கும் முறையையும் உருவாக்கினார். இன்று உலகமெங்கும் கற்றுத்தரப்படுவது அந்த முறையின் வழிவந்ததுதான். 1960-ல் பாஸ்டன் கல்லூரி இந்தப் பயிற்றுநர்களை உருவாக்கப் பட்ட மேற்படிப்பையே தொடங்கியது.

இந்தியாவிலும் அதே போர்தான் தொடக்கம். கண் இழந்த இந்திய வீரர்களுக்காக 1943-ல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன் விடுதி தொடங்கப்பட்டது. அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம். அதன் மண்டல மையம் சென்னையை ஒட்டிய பூந்தமல்லியில் இயங்குகிறது. ஆக, அறிவு நம்மிடம் புதிதல்ல. அது பூந்தமல்லியைத் தாண்டி ஊத்தங்கரை வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

பள்ளிக்குப் போகாதவர்களின் கதி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பேர். பூந்தமல்லி, தஞ்சாவூர், திருச்சி போன்ற ஊர்களின் அரசு சிறப்புப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு விடுதி வாழ்க்கையே ஓரளவு நடமாட்டத்தைக் கற்றுத்தந்துவிடும். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தருவார். எத்தனையோ ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வழக்கறிஞர்கள் அப்படித்தான் உருவானார்கள்.

நடுவயதில் பார்வை இழந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர், கண்ணழுத்த நோயைக் கவனிக்காமல் விட்டவர், கல் உடைக்கும் இடத்தில் சிதறிய சில்லால் கண் போனவர், பரம்பரையாக வரும் விழித்திரைத் தேய்வால் முதலில் இரவுப் பார்வையையும் பிறகு ஓரப் பார்வையையும் இழந்தவர். நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் தொடர்வதால், ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் இந்த விழித்திரைத் தேய்வு இருப்பதைப் பார்க்கிறோம். இவர்களுக்கு மருத்துவமனை ‘இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று சொல்லி அனுப்பும். மருத்துவம் முடிகிறது. அங்கிருந்து மறுவாழ்வு தொடங்க வேண்டும். ஆனால், அடுத்து யாரைப் போய்ப் பார்ப்பது என்று எழுதித்தர மருத்துவரிடமும் ஒரு முகவரி இல்லை.

வீட்டுக்கு வந்தால் அன்பே சிறையாகிவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருபது வயதைத் தாண்டிய இளைஞர் ஒருவர். பயிற்சி வேண்டும் என்று அவராகவே கேட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நானே கூட்டிட்டுப் போறேன் சார். நாலு பேரு பாக்குற மாதிரி குச்சியத் தட்டிக்கிட்டு எம்புள்ள போவணுமா?” என்று கேட்டார். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. உங்களுக்குப் பிறகு யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கும் பால் சொசைட்டிக்கும் இடையிலான வழியை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டோம். ஒருநாள் விடியற்காலையில் மகன் தனியாகப் போய்ப் பாலை ஊற்றிவிட்டுக் கணக்கு நோட்டோடு திரும்பினார். அதற்குப் பிறகு அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ரயில் நிலைய வழியைச் சொல்லித்தரச் சொன்னதே அவர்தான்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். மகனையாவது அனுப்புவார்கள். மகளை வெளியே விடமாட்டார்கள். ஆண் பயிற்றுநர் வீட்டுக்கு வருவதையே தயக்கத்தோடு பார்ப்பார்கள். பெண் பயிற்றுநர்கள் இல்லாவிட்டால் பார்வையற்ற பெண்களுக்கு இந்தப் பயிற்சி எட்டவே எட்டாது.

ரயில் நிலைய வழி சாமல்பட்டிக்கு ஏன் முக்கியம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது. ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் இருக்கும் சாமல்பட்டியில் ஏறினால் ஜோலார்பேட்டையில் மாறி, பெங்களூருக்குப் போய்விடலாம். கணினிப் பயிற்சி, வேலைவாய்ப்பு என்று பார்வையற்றவர்களுக்கு வாய்ப்புகள் தரும் அமைப்புகள் பெங்களூரில் பல இருக்கின்றன. கையில் பட்டம் உள்ள இளைஞருக்கு வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் நிற்பது கணினி அறிவு அல்ல, அந்தப் பிளாட்பாரம்தான். நிற்காமல் பாய்ந்து போகும் எக்ஸ்பிரஸ் ரயில்களின் இரைச்சலில், தன் ரயில் எந்தப் பக்கம் வருகிறது, பிளாட்பாரத்தின் விளிம்பு எங்கே முடிகிறது, பெட்டியின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கோலாலும் காதாலும் கண்டுபிடிக்க அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லித்தந்துவிட்டால் அவருக்கு பெங்களூர் பக்கத்து ஊர்.

கற்ற வழியும் கரைந்து போகும்

ஒருமுறை கற்றுத்தந்தால் முடிந்தது என்றும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போன காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வெள்ளம் வடிந்த பிறகு கண் உள்ளவர்கள் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வழியை மனப்பாடம் செய்திருந்தவருக்கு அந்த வழியே இல்லாமல் போனது. சாலையோர மண் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அடையாளமாக வைத்திருந்த கல்வெர்ட்டின் மூலை உடைந்திருந்தது. நிவாரணக் கணக்கெடுப்பில் ஆடு, மாடு, வீடு, பயிர் எல்லாம் இருந்தன. பார்வையற்றவர் இழந்த வழியை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

வெள்ளம் எப்போதோ வருகிறது. தினமும் வருபவை வேறு. மின்கம்பத்தின் ஸ்டே கம்பி சாய்வாக இறங்கியிருக்கும். கோல் அதன் அடியில் புகுந்து போய்விடும், நெற்றி போய் மோதும். நிறுத்தியிருக்கும் லாரியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, கடைக்கு வெளியே தாழ இறக்கிக் கட்டிய தகரம், கட்அவுட்டுக்கு நட்ட சவுக்குக் கட்டை என்று இடுப்புக்கு மேலே உள்ள எதையும் சாதாரணக் கோல் காட்டாது. இதற்காகத்தான் டெல்லி ஐஐடி குழு, ஒலி அலையால் மூன்று மீட்டர் தூரம் வரை தடையை உணர்ந்து அதிர்வின் மூலம் எச்சரிக்கும் ‘ஸ்மார்ட்கேன்’ கருவியை உருவாக்கியது. 2014-ல் வெளிவந்த அதைத் தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம். நல்ல கருவிதான். ஆனால், அதைப் பயன்படுத்துவதற்கும் முதலில் சாதாரணக் கோலில் நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். கருவி வளர்ந்தாலும் கற்றுத்தரும் ஆள் இல்லாமல் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நடமாட்டப் பயிற்சியைச் சலுகையாக நினைக்கிறோம். அது உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 20-வது பிரிவு, நடமாடும் திறன்களில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு பணிபுரிவோருக்கும் பயிற்சி தர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தியா 2007-லேயே அதை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடு. 1992-ன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட தொழில் வகைகளில் நடமாட்டப் பயிற்சி வல்லுநர் பணியும் ஒன்று. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சாலை, போக்குவரத்து, பொதுக் கட்டிடம் எல்லாவற்றையும் தடையற்றதாக்கச் சொல்கிறது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இத்தனையும் இருந்தும் களத்தில் நடப்பது என்ன? முகாம் போடுகிறார்கள். மேடையில் வரிசையாக நிற்கவைத்து வெண்கோல் தருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மறுநாள் பத்திரிகையில் வருகிறது. உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே அளவுக் கோல். நான் போன வீடுகளில், அப்படி வாங்கிய கோல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் பரண்மேல் கிடந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கொடுத்தவர்களுக்கு நல்லெண்ணம் இல்லை என்று சொல்லமாட்டேன். கோல் கொடுக்கச் செலவுக் கணக்கு இருக்கிறது. கற்றுத்தருவதற்கு இல்லை.

அரசு நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லாப் பயணம் உண்டு. மிகவும் நல்ல திட்டம். கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும். ஆனால், உடன் வருபவருக்கும் அன்றைய கூலி போகிறதே? அண்ணனோ தங்கையோ ஒரு நாள் வேலையை விட்டால்தான் இவர் ஊத்தங்கரை போய்ச் சான்றிதழ் வாங்க முடியும். உடன் வருபவருக்கு டிக்கெட் தந்த அரசு, துணையின்றிப் போகக் கற்றுத்தருவதற்கும் ஒரு வழி செய்தால், குடும்பத்தில் இரண்டு பேர் வேலைக்குப் போவார்கள்.

செய்ய வேண்டியவை

முதல் தேவை ஆள். ஒவ்வொரு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் தகுதிபெற்ற நடமாட்டப் பயிற்றுநர் ஆண் ஒருவர், பெண் ஒருவர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வேலையாக இருந்தால் நல்லவர்கள் நிலைக்கமாட்டார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில், ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சியோடு நடமாட்டப் பயிற்சியும் அங்கே கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால், மையத்துக்கு வரச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. தனியாக நடக்கத் தெரியாதவர் நடக்கக் கற்றுக்கொள்வதற்காக எப்படித் தனியாக மையத்துக்கு வருவார்? பயிற்றுநர்தான் அவர் தெருவுக்குப் போக வேண்டும். அவர் நடக்க வேண்டியதும் அந்தத் தெருவில்தான்.

பார்வையற்றவர்களையே பயிற்றுநர்களாக நியமிக்கலாம். அமெரிக்காவில் பார்வையற்ற பயிற்றுநர்கள் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சில மணி நேரம் நடந்து பார்த்த என்னைப் போன்றவரின் சொல்லைவிட, பார்வையில்லாமல் சாலை கடந்துவந்தவரின் சொல்லைத்தான் புதிதாகப் பார்வை இழந்தவர் நம்புவார்.

கோல் வழங்கும் முறையை மாற்ற அரசாணை ஒன்று போதும். உயரம் அளக்காமல் கோல் வழங்கக் கூடாது, பயிற்சிக்குப் பெயர் பதியாமல் கோல் வழங்கிய கணக்கை முடிக்கக் கூடாது. கண் மருத்துவமனைகளில் பார்வைச் சான்று தரும் நாளிலேயே அந்தப் பதிவைத் தொடங்கிவிடலாம்.

தொழிற்சாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனச் சட்டத்தின் 135-வது பிரிவின்கீழ், சட்டம் குறிக்கும் வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளிப் பகுதி நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியைப் பயிற்றுநர்களின் சம்பளத்துக்குத் தரலாம். பொருளாகக் கொடுத்தால் பெயர்ப் பலகை வைக்கலாம். சம்பளமாகக் கொடுத்தால் ஒருவர் ஆண்டு முழுவதும் நடக்கக் கற்றுத்தருவார்.

மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பாளர்கள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மெதுவாகப் போகும்போது ஒலி எழுப்பும் சிறு ஒலிபெருக்கி பெரிய தொழில்நுட்பமல்ல. பாட்டுப் போடும் ஸ்கூட்டர்களே வந்துவிட்டன. வடிவமைப்பின்போதே பார்வையற்றவர்களைக் கூப்பிட்டு, எந்த ஒலி அவர்களுக்கு எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று சோதித்துப் பார்க்கலாம். போச்சம்பள்ளி வாரச் சந்தையின் இரைச்சலில் கேட்கும் ஒலி இந்தியாவின் எந்தத் தெருவிலும் கேட்கும். மத்திய அமைச்சகம் இறுதி விதியில் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களையும் சேர்க்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்டுப் பேச வேண்டும்.

பொதுமக்களுக்குச் சில சொற்கள். வெண்கோலோடு நிற்பவரைக் கேட்காமல் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் எந்தத் திசையில் நிற்கிறார் என்ற கணக்கு அந்த ஒரு இழுப்பில் குழம்பிவிடும். “அண்ணா, உதவி வேணுங்களா?” என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். குறுகலான இடம் வந்தால் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போங்கள், அவர் புரிந்துகொண்டு பின்னால் வருவார். ‘அங்க’, ‘இந்தப் பக்கம்’ என்று சொல்லாமல், ‘உங்க வலது கைப் பக்கம் நாலு அடி’ என்று சொல்லுங்கள். மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் வெண்கோலைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள், அவர் கடந்த பிறகு எடுங்கள். நடைபாதையில் பைக் நிறுத்தாதீர்கள்.

உங்கள் தெருவிலோ உறவிலோ பார்வை இழந்து வீட்டுக்குள்ளேயே இருப்பவர் ஒருவராவது இருப்பார். திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அவருக்காக ஒரு மனு எழுதுங்கள். வெண்கோல் வேண்டும் என்பதோடு நிறுத்தாமல், அதைப் பிடித்து நடக்கக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்றும் அதில் எழுதிக் கொடுங்கள்.